நேராகப் பறந்த விமானம்

பழுது எதுவும் இல்லை என்று கணினி சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகம் பிறக்கும். பணியில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான குடவாசலுக்கே வந்து சேர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. எங்கள் பழைய பணிமனைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார்: "புதுசா வந்திருக்கிற ப்ளேன்ல கேபிளே கிடையாது மேடம். எது கெட்டுப்போச்சுன்னு அதுவே சொல்லிடுது. நீங்கள்லாம் பட்ட பாட்டை நெனைச்சா சிரிப்பா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்குத் தானே நற்சான்று கொடுத்துக்கொள்ளும் எதையும், இயந்திரமோ மனிதரோ, நான் இரண்டாவது தடவை பார்க்காமல் விட்டதில்லை. அவருக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, குழுவில் போடமுடியாத நீளத்துக்குப் போய்விட்டது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா பிறர் வயலில் வேலை பார்த்தவர். பிற்பாடு கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்தார். அண்ணன் முருகையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போனார். நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்து, சென்னையில் பயிற்சி, தேர்வுகள், உரிமம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, ஒரு விமான நிறுவனத்தின் திருச்சிப் பணிமனையில் பொறியாளரானேன். ஆட்டோபைலட்டும் அதைச் சேர்ந்த கருவிகளும் என் பொறுப்பு.

சேர்ந்த புதிதில் நான் பூட்டிய இணைப்புகளை யாராவது ஒருவர் எனக்குத் தெரியாமல் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டுவார். பெண் என்பதாலா, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதாலா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மை வந்திருக்காது. பணிமனைத் தலைவராகச் சந்தானம் சார் வந்த பிறகுதான் அது நின்றது. அவர் என் வேலையை மட்டுமல்ல, எல்லார் வேலையையும் மறுபடி பார்த்தார். என் வாழ்க்கையில் எல்லாரையும் சமமாகச் சந்தேகப்பட்ட முதல் மனிதர் அவர்தான். அந்தச் சந்தேகம் எனக்கு மரியாதையாக இருந்தது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருப்பார். யாராவது வேலையை முடித்துவிட்டு வந்து நின்றால், கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தை வாங்கமாட்டார். முதலில் ஒரு கேள்வி: "யாரு பாத்தா?" "நான்தான் சார் பாத்தேன்" என்றால் அடுத்தது: "எங்க நின்னு பாத்தீங்க?" இந்த இரண்டாவது கேள்வியில்தான் பலரும் மாட்டுவார்கள். கீழே நின்றுகொண்டு மேலே இருப்பதைப் பார்த்தவர், ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தானே பார்த்ததாக நம்பிக்கொண்டவர், எல்லாம் அங்கே வெளிவந்துவிடும். "கண்டிப்பா சரியா இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் போதும், எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்புக் காலணியை மாட்டத் தொடங்கிவிடுவார்.

எங்கள் பணிமனையில் இரண்டு கட்சிகள் உண்டு. இறக்கை, கம்பி, எண்ணெய் உருளை என்று கையில் பிடிக்கக்கூடியவற்றைப் பார்ப்பவர்கள் ஒரு கட்சி. அதன் தலைவர் அந்தோணிராஜ். பாபநாசத்துக்காரர், கெட்டிக்காரர், அதிகம் பேசாதவர். மின்சாரம், கணினி, உணர்கருவி பார்க்கும் நாங்கள் மறு கட்சி. விமானம் வானத்தில் முரண்டு பிடித்தால், "உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று அவர்கள் சொல்வார்கள்; "உங்க கம்பியைப் பாருங்க" என்று நாங்கள் சொல்வோம். விமானத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

எப்படி ஒன்று என்பதைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். எங்கள் விமானங்களில் விமானி தன் முன்னாலிருக்கும் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால், இரண்டு இறக்கை ஓரத்திலும் உள்ள மடல்களில் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். விமானம் இடப்பக்கம் சாயும். சக்கரத்துக்கும் மடலுக்கும் நடுவே எஃகுக் கம்பிகளும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் உருளைகளும் இருக்கின்றன. ஆட்டோபைலட்டுக்கென்று தனி மடல் கிடையாது. விமானியின் அதே வழியில் அதுவும் ஒரு கையை வைக்கிறது. விமானம் வலப்பக்கம் துளி சாய்ந்தால் உணர்கருவி கணினிக்குச் சொல்லும், கணினி உருளைக்குச் சொல்லும், மடல் அசையும், கூடவே யாரோ திருப்புவதுபோல விமானியின் சக்கரமும் தானாகத் திரும்பும். நிமிர்ந்துவிட்டதா என்று மறுபடி பார்க்கும், மறுபடி திருத்தும். ஏன் சாய்கிறது என்று மட்டும் அது கேட்காது. அதன் வேலை நிமிர்த்துவது.

எங்கள் பக்கத்தில் வயல் வரப்பில் நண்டு வளை விழுந்து தண்ணீர் ஒழுகினால், மண்வெட்டி எடுத்து வரும்வரை ஒருவர் குதிகாலால் அதை அடைத்துக்கொண்டு நிற்பார். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் தண்ணீர் கட்டுக்கோப்பாக நிற்கும். காலை எடுத்தால்தான் தெரியும்.

ஒரு விமானம் பெரிய பராமரிப்புக்காக வெளியூர்ப் பணிமனை ஒன்றுக்குப் போய்விட்டு வந்தது. அந்தோணிராஜ்தான் நேரில் போய்ப் பார்த்து ஏற்றுக்கொண்டு வந்தார். வந்த சில வாரங்களில் விமானிகள் குறை சொல்லத் தொடங்கினார்கள். இறங்குவதற்கு முன் ஆட்டோபைலட்டை விடுவித்ததும் விமானம் லேசாக வலப்பக்கம் சாய்கிறதாம். நாங்கள் கணினியை மாற்றினோம். சோதனையில் 'பழுது இல்லை' என்று வந்தது. குறை நிற்கவில்லை. மறுபடி மாற்றினோம், மறுபடியும் 'பழுது இல்லை'. அந்தோணிராஜ் கம்பிகளின் இறுக்கத்தை அளந்தார், மடல்களின் கோணத்தை அளந்தார். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. மறுநாள் உச்சி வெயிலில், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அவர் தனியாக அந்த விமானத்தின் வலது இறக்கை மேல் குந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"என்ன சார் பாக்குறீங்க?"

"சும்மாதான் மேடம். எண்ணெய்க் கசிவு ஏதும் இருக்கான்னு பாத்தேன்."

ஏற்றுக்கொண்டு வந்ததில் எதையோ விட்டுவிட்டார், இப்போது மறைக்கப் பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன். சந்தானம் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் "யாரு பாத்தா?" என்பார்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு பிற்பகலில் விவகாரம் முற்றியது. சென்னையிலிருந்து வந்த அதே விமானம் தஞ்சாவூரைத் தாண்டி, திருச்சி ஓடுபாதையை நெருங்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காற்று உலுக்கியது. அந்த உலுக்கலில் ஆட்டோபைலட் தானாகவே விலகிவிட்டது. தரைக்கு வெகு அருகில் வலது இறக்கை சரேலென்று தாழ்ந்தது. கேப்டன் சட்டென்று பிடித்து நிமிர்த்தி, மேலே ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்கினார். பயணிகள் இறங்கும்போது ஒரு பெண் படியிலேயே உட்கார்ந்து அழுதார். கேப்டன் எங்கள் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்:

"அது விலகினதும் என்ன ஆச்சு தெரியுமா? இவ்வளவு நேரம் யாரோ பிடிச்சுக்கிட்டு இருந்து, திடீர்னு கையை எடுத்த மாதிரி இருந்துச்சு."

சந்தானம் சார் அன்றைக்கே அந்த விமானத்தை நிறுத்திவைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசிமேல் தொலைபேசி. "கம்ப்யூட்டரை இன்னொரு தடவை மாத்திட்டு விடுங்களேன்" என்றார்கள். "மாத்தின ரெண்டு கம்ப்யூட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவதும் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கலைச்செல்வி, நீங்க யாரைச் சந்தேகப்படுறீங்க?"

"இறக்கையை சார்." ஆளைச் சொல்ல வாய் வரவில்லை.

"அந்தோணி, நீங்க?"

"ஆட்டோபைலட்டை சார்."

"சரி. நாளைக்குப் பயணிங்க இல்லாம ஒரு சோதனை ஓட்டம் போவோம். கலைச்செல்வி காக்பிட்ல உக்காந்து உங்க ஆட்டோபைலட்டைப் பாருங்க. அந்தோணி சன்னல் ஓரமா உக்காந்து உங்க இறக்கையைப் பாருங்க. சந்தேகப்படுற இடத்தைப் பாத்தா, பாக்க நெனைச்சதுதான் கண்ணுல தெரியும். சந்தேகப்படாத இடத்தைப் பாருங்க."

எனக்கு இது பிடிக்கவில்லை. தவறு இறக்கையில் இருந்து, அதைப் பார்ப்பதும் அந்தோணிராஜ் என்றால், அவர் ஏன் சொல்லப்போகிறார்? ஆனால் அதே யோசனை என்னைப் பற்றி அவருக்கும் ஓடியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. விமானிகளுக்குப் பின்னால் உள்ள மடக்கு இருக்கையில் உட்கார்ந்தேன். கீழே சம்பா நடவு முடிந்த வயல்கள் தண்ணீரும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாகக் கிடந்தன. அதே கேப்டன்தான் ஓட்டினார். உயரத்தில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். விமானம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. கருவிகளில் சாய்வு துளியும் இல்லை. என் ஆட்டோபைலட்டை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் சக்கரத்தைப் பார்த்தேன். விமானம் நேராகப் போகிறது. சக்கரம் நேராக இல்லை. இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியபடி அப்படியே நின்றது.

"கேப்டன், இது எப்பவும் இப்படித்தான் நிக்குமா?"

அவர் குனிந்து பார்த்தார். "நான் கவனிச்சதே இல்ல மேடம். அது ஓட்டும்போது நாங்க சக்கரத்தையா பாக்குறோம்?"

இறங்கும்போது செய்வதுபோல வேகத்தைக் குறைத்தார். சக்கரம் இன்னும் கொஞ்சம் திரும்பியது. ஆட்டோபைலட் வலது இறக்கையை எதன் கையிலிருந்தோ பிடுங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, யாரிடமும் சொல்லாமல். "விடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் பொத்தானை அழுத்தினார். சக்கரம் நடுவுக்கு வந்தது. அந்த நொடியே அடிவானம் சாய்ந்தது. என் கை தன்னால் முன் இருக்கையைப் பற்றிக்கொண்டது.

தரையிறங்கிய பின் படிக்குக் கீழே சந்தானம் சார் நின்றுகொண்டிருந்தார். நான் முதலில் இறங்கி, சக்கரம் நின்ற நிலையைச் சொன்னேன். ஆட்டோபைலட் நிமிர்த்துகிறது, சாய்ப்பது வேறு ஏதோ ஒன்று. சொல்லிவிட்டு, பின்னால் இறங்கி வந்த அந்தோணிராஜின் வாயைப் பார்த்தபடி நின்றேன். இந்த மனிதர் இப்போது ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் என் பேச்சு காற்றோடு போகும்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வலது இறக்கை சார். மேல இருக்கிற பலகையில உள்பக்கத்திலேர்ந்து ரெண்டாவது. வேகம் குறையக் குறைய எந்திரிக்குது. அடியில பெயின்ட் இல்லாத உலோகம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நான்தான் சார் இந்த விமானத்தை ஏத்துக்கிட்டு வந்தேன். அங்க தரையில பாத்தப்ப மட்டமாத்தான் இருந்துச்சு. எதையோ விட்டுட்டமோன்னு நாலு நாளா அது மேலயே ஏறி ஏறிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சந்தானம் சார், "எங்க உக்காந்து பாத்தீங்க?" என்று கேட்டார். இறக்கைக்குப் பின்னால் எந்த வரிசை என்று அந்தோணிராஜ் சொன்னார். சார் தானே ஏறிப்போய் அந்த வரிசையில் உட்கார்ந்து, அங்கிருந்து அந்தப் பலகை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் தலையாட்டினார்.

தரையிறங்கியதும் இறக்கையின் மேலே சில பலகைகள் எழுந்து நிற்பதைச் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். காற்றைத் தடுத்து, இறக்கையின் தூக்குவிசையைக் குறைப்பது அவற்றின் வேலை. பறக்கும்போது இறக்கையின் மேற்புறம் காற்று உறிஞ்சும். ஆகவே அந்தப் பலகை மூடியிருந்தால் மட்டும் போதாது, இறக்கையோடு சேர்த்துக் கொஞ்சம் அழுத்தியபடி மூடியிருக்கவேண்டும். அழுத்தம் வைக்காமல் மட்டமாக மட்டும் வைத்தால், தரையில் அழகாக இருக்கும்; வானத்தில் எழும்.

கையேட்டில் இதற்கு முறையான அளவை இருக்கிறது. அதைச் செய்வதற்கு முன் சந்தானம் சார் ஒரு மெல்லிய நீளமான பிளாஸ்டிக் பட்டையை எடுத்து வரச் சொன்னார். எண்ணெய் அழுத்தத்தை ஏற்றினோம். காக்பிட்டில் பலகைகளை இயக்கும் நெம்புகோலை யாரும் தொடாதபடி ஒருவர் காதொலிக்கருவியோடு காவல் இருந்தார். அந்த நேரத்தில் பலகை அசைந்து மூடினால் விரல் மிஞ்சாது. அதனால் பட்டையின் கடைசி நுனியைப் பிடித்துத் தள்ளி நின்றுதான் விளிம்புக்கு அடியில் செருகவேண்டும். பக்கத்துப் பலகைகள் பட்டையை நுழையவிடவில்லை. இரண்டாவது பலகைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. முறைப்படி அளந்தபோதும் அதே முடிவுதான்.

அந்தோணிராஜ் என் பக்கம் திரும்பினார். "நான் மறைக்கிறேன்னு நெனைச்சீங்கள்ல மேடம்?"

"நெனைச்சேன் சார்."

"நானும் உங்களை அப்படித்தான் நெனைச்சேன். கம்ப்யூட்டர்ல ஏதோ வச்சுக்கிட்டுச் சொல்லமாட்டேங்குறாங்கன்னு."

இத்தோடு முடிந்தது என்று நாங்கள் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். சந்தானம் சார் மட்டும் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அதே எடத்துக்குப் பராமரிப்புக்குப் போய்ட்டு வந்த இன்னொண்ணு இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா அதுல ஒரு கம்ப்ளைண்ட்கூட இல்ல" என்றேன். "சாயவே இல்ல. நேரா பறக்குது."

"இப்ப எங்க நிக்குது?"

பயணிகள் ஏறும் வாசலில் நின்றது. சிங்கப்பூருக்குப் பயணிகளை ஏற்றுவதற்கு அழைக்கப்போகிற நேரம். அந்தப் பயணிகளில் ஒருவர் என் அண்ணன் முருகையன்.

நடவுக்காக விடுப்பில் வந்தவர். மறுநாள் காலை பட்டறையில் நிற்காவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தார். அன்று காலைதான் ஊரிலிருந்து வேனில் விமான நிலையத்துக்கு வந்து இறங்கியிருந்தார். தலைமை அலுவலகம் கொதித்தது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "ஒரு குறையும் சொல்லாத விமானத்தை எதுக்குங்க திறக்கணும்?"

"அதனாலதாங்க" என்றார் சந்தானம் சார்.

வலது இறக்கையில் பட்டையைச் செருகினோம். வழுக்கிப் போனது. எனக்குக் குழப்பமாக இருந்தது. பலகை எழுந்தால் விமானம் சாயவேண்டுமே, ஏன் சாயவில்லை? அந்தோணிராஜ் ஏணியை நகர்த்திக்கொண்டு இடது இறக்கைக்குப் போனார். அங்கேயும் அதே இடத்துப் பலகை. அங்கேயும் பட்டை வழுக்கிக்கொண்டு போனது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பு" என்றார் அவர், ஏணியிலிருந்து இறங்காமலே. "அதான் மேடம் நேரா பறந்திருக்கு."

ஆட்டோபைலட் திருத்துவதற்குக்கூட அங்கே ஒன்றும் இருந்திருக்காது. சக்கரம் நடுவில்தான் நின்றிருக்கும். அந்தச் சோதனை ஓட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் கண்டிருக்கமாட்டேன். இரண்டு இறக்கையும் சமமாகத் தூக்குவிசையை இழந்துகொண்டு, இத்தனை பேரைச் சுமந்து கடலைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது. அந்தப் பணிமனையில் ஒருவர் மட்டமாக வைத்தால் போதும் என்று நினைத்தாராம், சரிபார்க்கவேண்டியவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாராம். பிற்பாடு விசாரணையில் அப்படிச் சொன்னார்கள். முழுதும் அவ்வளவுதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பயணம் ரத்தானது. நான் பயணிகள் கூடத்துக்குப் போனேன். அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீதான் நிறுத்துனியா கலை?"

"நாங்கதாண்ணே."

"நான் ஏறுறேன்னு தெரிஞ்சா நிறுத்துன?"

"இல்லண்ணே. யார் ஏறியிருந்தாலும் நிறுத்தியிருப்போம்."

அவர் நம்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை தடவை உங்க ப்ளேன்லதானே போய்ட்டு வந்தேன். அப்பல்லாம் யாரும் நிறுத்தலையே" என்றார்.

மறுநாள் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பட்டறையில் அவர் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் வேறு பிரிவில் கூலி வேலை மாதிரி பார்த்துவிட்டுத்தான் பழைய இடம் கிடைத்தது. அதைப் பற்றி என்னிடம் அவர் குறை சொன்னதில்லை. அண்ணி சொன்னார்.

அவர் கிளம்பிய அன்று வழியனுப்பப் போயிருந்தேன். உள்ளே போகுமுன் அண்ணன் திரும்பி நின்றார்.

"இதுல ஏறலாமா?"

அந்த விமானத்தை யார் பார்த்தார்கள், எங்கே நின்று பார்த்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. அதன் ஒரு ஆணியைக்கூட நான் தொட்டதில்லை.

"ஏறுண்ணே" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் வண்டி நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். விமானம் எழும்பி, ஒரு தடவை வளைந்து, கிழக்கே திரும்பியது. தஞ்சாவூர்ப் பக்கம் போய்ச் சிறுத்து மறையும்வரை அதன் இறக்கைகளையே பார்த்தேன். துளிகூடச் சாயாமல், சமமாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.